பாதிப் பக்கத்தில் ஒரு கடல்குதிரை

அலாரம் அலறியது.

துருவியின் துப்பறியும் அலுவலகத்தில் அலாரம் கிடையாது. சுவரிலிருந்த கடிகாரம்கூட ஓடாமல் நின்று எட்டு மாதமாகிறது. அதனால் மேஜைக்கு இந்தப் பக்கம் துருவியும், அந்தப் பக்கம் அவளுடைய உதவியாளன் ஒட்டடையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். சத்தம் மாடிப்படி ஏறி வந்தது. வாசலில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

கூடவே ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரும் வந்தார். கைப்பையிலிருந்து உள்ளங்கையளவு கடிகாரத்தை எடுத்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினார். பிறகு தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். நிமிர்ந்தார்.

"நீங்கதானே துருவி?"

"அப்படித்தான் கூப்பிடறாங்க."

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் கோர்ட் வராந்தாவில் அவளுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. சொந்தப் பெயரை அவளே மறந்துபோயிருப்பாள். ஒட்டடையின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஆறடி மூன்று அங்குலம், ஒட்டடைக்குச்சி உடம்பு.

"நான் கோர்ட்ல வாக்குமூலம் எழுதறவ. எழுத்தம்மான்னு சொல்வாங்க. நீங்க சாட்சி சொன்னப்ப கீழ உட்கார்ந்து எழுதினது நான்தான். அப்ப உங்களுக்கு முடி நரைக்கல."

"எழுத்தம்மா! ஞாபகம் இருக்கு."

"உங்களுக்கு இருக்கும். எனக்குத்தான் பிரச்சினை." நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கொட்டை எழுத்தில் இருந்தது: 'நாலு வருஷம் முன்பு உனக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் உன் மனதில் நிற்காது. பயப்படாதே. நடப்பதை இதில் எழுது. கால் மணிக்கு ஒரு முறை அலாரம் அடிக்கும். இதைப் படி.'

அடுத்ததாக நேற்றைய பக்கத்தைத் திருப்பினார். 'கோர்ட் தாள் வந்திருக்கிறது. நாளை மதியம் மூன்று மணிக்கு விசாரணை. என்னைக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்லித் தம்பி மனு போட்டிருக்கிறான். நான் போகமாட்டேன். காலையில் துருவியிடம் போ.'

துருவி மனுவின் நகலை வாங்கிப் பார்த்தாள். அதோடு ஆறு ஜெராக்ஸ் தாள்கள் இணைத்திருந்தார்கள். எல்லாம் இதே நோட்டின் பக்கங்கள். 'இன்று அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டேன்.' 'இன்று வெளியே போய் வழி தெரியாமல் நின்றேன்.' போன செவ்வாய்க்கிழமை தேதியில் கடைசித் தாள்: 'அடுக்களை வாசல் திரையில் தீப்பிடித்தது. நல்லவேளை, தண்ணீர் ஊற்றினேன். நான் தனியாக இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து. என்னைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போவதே நல்லது.'

"இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான். ஆனா என் வார்த்தை இல்ல."

"எப்படிச் சொல்றீங்க? நடந்தது உங்களுக்கு ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் போச்சு. நான் போகலையே. போறதே நல்லதுன்னு நான் எழுதவே மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க சொன்னதை எழுதினவ. எது என் பேச்சு, எது ஊரான் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு ஒட்டடையை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்ப உயரமா இருக்கீங்களே, யாரு நீங்க?"

"இந்த ஆபீஸோட கொடிக்கம்பம்மா."

எழுத்தம்மா சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

துருவி அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா தாளின் இந்த ஓரத்தில் கிளம்பி அந்த ஓரம் வரை போய்த் திரும்பியது. ஜெராக்ஸைப் பார்த்தாள். ஆறு தாளிலும் எழுத்து இடது பாதியோடு நின்றுவிட்டிருந்தது.

"ஒட்டடை, அம்மாவுக்கு ஏதாவது சொல்லு. அவங்க எழுதட்டும்."

"என்ன சொல்ல?"

"உனக்குப் பேச்சுக்கா பஞ்சம்?"

ஒட்டடை தொண்டையைக் கனைத்தான். "டீ சொல்லட்டுமாம்மா? வேண்டாமா? சரி, எழுதிக்குங்க. இந்த ஆபீஸில் சம்பளம் ஒன்றாம் தேதி வருவதாக ஒரு வதந்தி உண்டு…"

எழுத்தம்மாவின் கை அவருக்கே தெரியாமல் ஒரு வேலை செய்தது. பக்கத்தை நெட்டுவாக்கில் சரிபாதியாக மடித்து, நகத்தால் ஒரு இழு இழுத்து, பிரித்தது. மேல் மூலையில் இரண்டு கோடு, ஒரு வளைவு. சின்ன டீ கிளாஸ். அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தது. இடது பாதியில் மட்டும்.

"இது எதுக்கு?" துருவி மடிப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"வாக்குமூலம் எழுதறப்போ அப்படித்தான். ஒரு பாதியில சாட்சி சொல்றது. மறு பாதி திருத்தத்துக்கும் அவங்க கையெழுத்துக்கும். பாதியை மடிக்காம எழுதினா ஜட்ஜ் தாளைத் தூக்கி எறிவார்."

"இந்த டீ கிளாஸ்?"

"யார் பேசறாங்கன்னு அடையாளம். பேர் எழுத நேரம் கிடைக்காது. ஆள் வாயைத் திறந்ததும் முதல்ல என்ன பேசறாரோ அதையே படமாப் போட்டுடுவேன். ஒரு ஜட்ஜ் வந்து உட்கார்ந்ததும் ஃபேனைப் போடுன்னுதான் ஆரம்பிப்பார். ஏழு வருஷம் அவருக்கு ஃபேன்தான்."

துருவி நோட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முந்நூறு பக்கத்தில் ஆறே ஆறு பக்கத்தில் நடுவில் மடிப்பு. அந்த ஆறும்தான் மனுவில் இருந்தவை. மடிப்பு ஜெராக்ஸில் விழாது. அசலைக் கையில் வாங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"மேடம்," ஒட்டடையின் குரலில் கேலி குறைந்தது. "இதெல்லாம் அவங்களா எழுதினது இல்ல. யாரோ பக்கத்துல உட்கார்ந்து சொல்லி எழுத வெச்சது."

"சொன்னவங்க பேரையும் சேர்த்து எழுதியிருக்காங்க. மூலையைப் பாரு."

ஆறு பக்கத்திலும் ஒரே படம். நீண்ட மூக்கு, வளைந்த கழுத்து, சுருண்ட வால்.

"கேள்விக்குறிக்கு மூக்கு முளைச்ச மாதிரி இருக்கு."

"கடல்குதிரை," என்றார் எழுத்தம்மா எட்டிப் பார்த்து. "நான்தான் போட்டிருக்கேன். ஆனா கடல்குதிரையைப் பத்தி என்கிட்ட யார் பேசப்போறாங்க?"

கைப்பையில் அலாரம் அடித்தது.

எழுத்தம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மூளை டாக்டரின் அறை நாலு தெரு தள்ளி இருந்தது. போகும் வழியில் காரில் எழுத்தம்மா முன் சீட்டைத் தட்டினார். "வண்டி ஓட்டறவரே, கூரையில தலை இடிக்குதே, யாரு நீங்க?"

"தெருவிளக்குல பல்பு மாத்தறவன்மா. ஏணிச் செலவு மிச்சம்னு வேலைக்கு எடுத்தாங்க."

எழுத்தம்மாவை நர்ஸோடு வெளியே உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் மேஜையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. துருவி ஜெராக்ஸ் தாளிலிருந்த படத்தைக் காட்டியதும் அவர் அந்த மூளையை இரண்டாகப் பிரித்தார். உள்ளேயிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். வளைந்து, ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் மெலிந்து சுருண்டிருந்தது.

"ஹிப்போகாம்பஸ். கிரேக்கப் பேரு. கடல்குதிரைன்னு அர்த்தம். நானூறு வருஷம் முன்னாடி அறுத்துப் பார்த்த ஒருத்தர் வெச்சது. பட்டுப்புழு மாதிரி இருக்கா, கடல்குதிரை மாதிரி இருக்கான்னு அவருக்கே முதல்ல சந்தேகமாம்."

"நல்லவேளை டாக்டர்," என்றான் ஒட்டடை. "பட்டுப்புழுன்னு வெச்சிருந்தா நாங்க இந்நேரம் புடவைக் கடையில நின்னிருப்போம்."

டாக்டர் அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு இருக்கும். நடக்கறதை மனசுல பதிய வைக்க இது வேணும். அந்தம்மாவுக்குக் காய்ச்சல்ல ரெண்டுமே போச்சு. ரொம்பப் பழசெல்லாம் பத்திரமா இருக்கு. புதுசு எதுவும் ஏறாது."

"கைப்பழக்கம்?"

"அது மூளையில வேற இடம். அதுக்கு ஒண்ணும் ஆகல."

"புதுப் பழக்கம் வருமா?"

"வரும். திரும்பத் திரும்பச் செஞ்சா கை கத்துக்கும். எப்போ கத்துக்கிட்டோம், யார் எதிர்ல இருந்தாங்கன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது." டாக்டர் மூளையைத் திரும்ப மூடினார். "மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களைச் சாட்சியா வெச்சு நீங்க எதையும் நிரூபிக்க முடியாது."

"ஆறு பொய்யை நிரூபிக்க அவங்க கையெழுத்து போதும்னா, ஒரு நிஜத்தை நிரூபிக்க அதே கை போதாதா டாக்டர்? இந்தக் கடல்குதிரைக் கதையை அவங்ககிட்ட நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லவே மாட்டேன். ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி இடிஞ்சு போவாங்க. நோய் தெரிஞ்ச அன்னிக்கு வீட்டாளுங்களுக்குச் சொன்னேன். நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலியில மகள், அவர் நிக்கற இடத்துல தம்பி."

படி இறங்கும்போது ஒட்டடை முடிவே கட்டிவிட்டான். "தம்பிதான் மேடம். மனு போட்டவரு அவரு. வேலை முடிஞ்சது."

"அவர்கிட்ட எழுதி வாங்கிட்டியா?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

"நீ இன்னும் அவர் முகத்தையே பார்க்கலையே."

வெளியே பெஞ்சில் எழுத்தம்மா நோட்டைப் படித்து முடித்துக் காத்திருந்தார். துருவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இதைச் செஞ்சது உங்களுக்கு வேண்டியவங்களா இருந்தா?"

"வேண்டாதவங்களை நான் ஏன் பக்கத்துல உட்கார விடப்போறேன்? யாரா இருந்தாலும் கண்டுபிடிங்க. நான் மறந்துடுவேன். நீங்க மறக்காதீங்க."

"நோட்டுல எழுதட்டுமா?"

எழுத்தம்மா பேனாவை நீட்டினார். "எழுதுங்க. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும்."

வீட்டுக் கதவை மணி அடிக்கும் முன்பே மகள் திறந்தாள். முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா போனே? காலையிலேருந்து தேடறேன். போன் பண்ணாத இடமில்ல." தாயைக் கட்டிக்கொண்டாள். துருவி யாரென்று தெரிந்ததும் அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது இந்த மனுவை நிறுத்துங்க. அம்மாவை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். மாமாகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

மாமா உள்ளே நாற்காலியில் இருந்தார். எழுத்தம்மாவின் தம்பி. தடித்த உடம்பு, கசங்கிய சட்டை. ஒட்டடை அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்து, துருவியின் காதில் "நான் சொல்லல?" என்றான்.

"எனக்கு மட்டும் ஆசையா?" தம்பி யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணுக்கு வெளிநாட்டுல வேலை வந்திருக்கு. அம்மாவுக்காக வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டா. அவ வாழ்க்கை என்ன ஆறது? நோட்டைப் படிச்சப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. இவ அழுதுகிட்டே காட்டினா. தீ வெச்சுக்கிட்டு அக்கா போய்ச் சேர்ந்தா யார் பதில் சொல்றது?"

"நான் போகமாட்டேன்," என்றார் எழுத்தம்மா. "எத்தனை தடவைடா சொல்றது?"

"எத்தனை தடவைன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்லியிருப்பேன்."



துருவி கண்ணைக் காட்ட, ஒட்டடை அடுக்களை வாசலுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை தீப்பிடித்ததாகச் சொல்லப்பட்ட திரை அங்கே தொங்கியது. குனியாமலே கீழ்முனையைத் தூக்கிப் பார்த்தான். கருகல் இல்லை. கம்பியை எட்டிப் பார்க்க அவனுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. துருவி அருகில் வந்ததும் விரலைக் காட்டினான். விரல் நுனி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வளையத்துக்கும் திரைக்கும் நடுவுல என் பேர்ல ஒரு சொத்து இருக்கு மேடம். ஒட்டடை. பரம்பரை பரம்பரையா வாழ்ந்துட்டிருக்கு. தீயும் இல்ல, மாத்தவும் இல்ல. எழுத வெச்சவங்க ஒரு தீக்குச்சியாவது கிழிச்சிருக்கக் கூடாதா?"

"நோட்டை நம்பற வீட்டுல திரையை யார் பார்க்கப்போறாங்க?"

கை கழுவப் போகிற சாக்கில் துருவி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். மகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் கணுக்கால் வரை வரும் கம்பளிக் கோட்டு ஒன்று மாட்டியிருந்தது. வெளியே தார் உருகும் வெயில். கோட்டின் கையில் கடைச்சீட்டு இன்னும் அறுக்கப்படாமல் தொங்கியது. தேதி போன வாரம்.

துருவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூடத்துக்குத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"நல்ல செய்தி. விசாரணை அதிகாரிகிட்ட பேசினேன். பழைய பக்கமெல்லாம் செல்லாதாம். இன்னிக்குப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாராம். இன்னிக்கு எந்த அசம்பாவிதமும் எழுதலைன்னா அம்மா இந்த வீட்டிலேயே இருக்கலாம். நாங்க போய் வண்டியைத் திருப்பிட்டு வர்றோம். பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம்."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பாடா," என்றாள்.

வாசலுக்கு வந்ததும் ஒட்டடை கிசுகிசுத்தான். "அதிகாரிகிட்ட எப்ப பேசினீங்க?"

"அவர் பேரே எனக்குத் தெரியாது. பின்பக்கம் வா."

வீட்டைச் சுற்றி வந்து, பின்கதவு வழியாக அடுக்களைக்குள் நுழைந்து, எரியாத திரைக்குப் பின்னால் நின்றார்கள். ஓரத்தில் ஒரு விரலளவு இடைவெளி. அதன் வழியாகக் கூடத்து மேஜை நேராகத் தெரிந்தது. எழுத்தம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே இன்றைய பக்கம் விரிந்திருந்தது. கையில் பேனா.

அவர் தற்செயலாகத் திரும்பினார். திரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தலைமுடியைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து திரையை விலக்கினார்.

"யாரு நீங்க?"

ஒட்டடைக்கு மூன்றாவது ஜோக் ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. "உங்க கட்சி ஆள்மா," என்றான் மெதுவாக.

எழுத்தம்மா அவனையும் துருவியையும் மாறி மாறிப் பார்த்தார். துருவியை அடையாளம் தெரிந்தது. தலையசைத்து, திரையைச் சரியாக இழுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முதலில் தம்பி வந்தார். ஒட்டடை முழங்கையால் துருவியை இடித்தான். தம்பி அக்காவின் பக்கத்தில் நின்று, நோட்டைப் பார்த்தார். எழுத்தம்மாவின் கை அசையவில்லை. பக்கம் மடிப்பில்லாமல் கிடந்தது.

"அக்கா, சாப்பிட்டியா?"

"தெரியலையே. பசிக்கல, அதனால சாப்பிட்டிருப்பேன்."

தம்பி சிரிக்க முயன்று, முடியாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஒட்டடையின் வாய் திறந்தபடி நின்றது. துருவி தன் விரலை உதட்டில் வைத்தாள்.

மகள் வந்தாள். வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு நாற்காலியை இழுத்துத் தாயின் இடதுபுறம் போட்டு உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அன்பில் குறையில்லை. அந்த அன்பு பொய்யில்லை என்பதுதான் துருவிக்குத் தாங்கவில்லை.

எழுத்தம்மா மகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண் மகளிடம்தான் இருந்தது. கைதான் கீழே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. தாளை நெட்டுவாக்கில் மடித்தது. நகத்தால் இழுத்தது. பிரித்தது. பேனா மேல் மூலைக்குப் போய், ஒரு சுருண்ட வாலைப் போட்டது, பிறகு வளைந்த கழுத்து, பிறகு மூக்கு.

இன்னும் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மகள் தாயின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, உன் கடல்குதிரை இன்னும் தூங்கிட்டுதான் இருக்கு. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ."